மூன்றாவது காது

மழை விட்ட விடியற்காலையில் தைல மரத் தோப்பிலிருந்து ஒரு வாசனை வரும் பாருங்கள்... ஜலதோஷத்துக்கு ஆவி பிடிப்பது போலவே இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. கோலார் தங்கவயலிலிருந்து வந்து, பன்னேர்கட்டா ரோடு தாண்டி ஒரு அபார்ட்மென்ட்டில், ஆபீஸ் தோழி ஸ்டெல்லாவோடு நாலாவது மாடியில் இருந்தேன். வாட்டர்கலர் பைத்தியம் முற்றியிருந்த காலம். எழுந்ததும் பால்கனியில் நின்று ஒரு ஸ்கெட்ச் போட்டுவிட்டுத்தான் பல்லே தேய்ப்பேன்.

ஒரு நாள் பனிமூட்டத்துக்குள், தோப்புப் பாறைமேல்... சிறுத்தை!

சத்தியமாகக் கண்ணை எடுக்க முடியவில்லை. பேப்பரைப் பார்க்காமலே வரைந்துகொண்டிருந்தேன். இரண்டே நிமிடம், இறங்கிப் போய்விட்டது.

ஸ்டெல்லா நோட்டைப் பார்த்துச் சிரித்தாள். "ஏசப்பா! இன்னாடி இது, மூணு காது வெச்சிருக்க?"

சிறுத்தையின் முதுகுக்குப் பின்னால், புல்லுக்குள் ஒரு சின்னக் காது. கை தவறியிருக்கும் என்று வெட்கப்பட்டு, ரப்பரால் அழுத்தித் தேய்த்து அழித்தேன்.

அபார்ட்மென்ட்காரர்கள் ஃபாரஸ்ட்டில் சொல்லிக் கூண்டு வைக்க, மூன்றாம் நாள் சிறுத்தை சிக்கியது. ஃபாரஸ்ட்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பாடா என்று எல்லோரும் பிள்ளைகளை மறுபடி கீழே விளையாட விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்கெட்ச்சுக்கு வண்ணம் தீட்ட உட்கார்ந்தேன். பாறைக்குப் பின்னால் பச்சையைத் தண்ணீராக ஓடவிட்டேன். காயக் காய... அந்தக் காது மேலே வந்தது.

ரப்பர் தேய்த்த இடத்தில் பேப்பர் பஞ்சு மாதிரி ஆகி வண்ணத்தைக் கூடுதலாகக் குடிக்கும். தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அன்று பேப்பரைப் பார்க்காமல், கண்ணில் பட்டதைத்தானே வரைந்தேன்! கை தவறவில்லை... அன்று அங்கே இரண்டு இருந்திருக்கின்றன. தாயும் குட்டியும்.

மறுநாள் விடியலில்தான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். தோப்புக்குள்ளிருந்து கரகரவென்று, விட்டு விட்டு, யாரையோ கூப்பிடுகிற மாதிரி.

"ஏனில்லா மேடம், ஒண்ணும் இல்லை, நாய்தான்" என்றார் வாட்ச்மேன் மாதப்பா.

"ஃபாரஸ்ட்டுக்குப் போன் பண்ணலாமாடி?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"பண்ணி? மூணு காது வரைஞ்சேன், வாங்கன்னு சொல்வியா? கைகொட்டிச் சிரிப்பாங்கடி."

சிரித்துவிடுவார்களே என்று வாயை மூடிக்கொண்டேன், மடச்சி! மூன்று விடியல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே காபி குடித்தேன். நான்காம் நாள் தாங்க முடியாமல் போன் பண்ணினேன்.

வந்த ஃபாரஸ்ட் கார்டு பாறையருகே குனிந்தார். சேற்றில் என் உள்ளங்கையில் பாதிகூட இல்லாத கால் தடங்கள்.

"குட்டிதாம்மா. நேத்துதான் தாயைத் தூரக் காட்டுல விட்டுட்டு வந்தோம். முந்தாநாள் சொல்லியிருந்தா சேர்த்தே விட்டிருப்போமே..."

இரண்டு நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை. சத்தமும் நின்றுவிட்டது.

இப்போது அங்கே பதினெட்டு மாடி டவர். பாறையை உடைத்து நீச்சல் குளம் கட்டிவிட்டார்கள். ஸ்டெல்லா கல்யாணமாகி பிரேசர் டவுனுக்குப் போய்விட்டாள். நான் மட்டும் அதே வீட்டில்.

விடியலில் தானாக முழிப்பு வந்துவிடுகிறது. கதவைத் திறந்தால் லிஃப்ட் சத்தம், பால் வண்டிச் சத்தம். அன்றைக்கு அந்தக் கரகரப்பைக் கேட்கவே பயந்தேன். இன்று ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், உடனே போன் பண்ணிவிடுவேன் என்று பால்கனியில் நின்றுகொண்டே இருக்கிறேன்.