அலசிய விதை

உள்ளறையில் மிக்ஸி கரகரவென்று ஓடியது. வாசலில் நின்று டிராக்டர்காரர் காசிராஜனிடம் பேசிக்கொண்டிருந்த செல்லக்கனிக்குப் பேச்சு பாதியில் நின்றது. அரிசி தீர்ந்துபோன வீட்டில் அரைக்க என்ன இருக்கிறது?

சாத்தூருக்குக் கிழக்கே இரண்டு ஏக்கர் கரிசல்தான் அவளுக்கு உலகம். புரட்டாசியில் மழையை நம்பிப் புழுதியிலேயே மக்காச்சோளம் விதைத்தாள். ஒரு தூறல் விழுந்து முளை விட்டது. அடுத்து அடித்த வெயில் அத்தனையையும் கருக்கிவிட்டது. மருமகள் ஆர்த்தி வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியும் தீபாவளியோடு மூடிக் கிடந்தது. மிச்சமிருந்தது மறுபடி விதைக்க வைத்திருந்த ஒரு பை விதை. இன்று கிழக்கே மேகம் கூடியிருந்தது.

“விதையை எடுங்க மதினி. வானம் மனசு மாறுறதுக்குள்ள உழுதிருவோம்” என்றார் காசிராஜன்.

அவளோ உள்ளே ஓடினாள். மிக்ஸியில் சோளக் குருணை. பக்கத்துச் சட்டியில் அலசிய தண்ணீர் ரோஸ் நிறத்தில் நின்றது. மூன்று வயதுப் பேத்தி வட்டிலோடு அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடிப்பாவி! விதையவா அரைச்சே?”

“நாலு நாளைக்கு ஆகட்டும்னு பாதிப் பைய மூணு தண்ணி அலசிட்டேன் அத்தை. எங்க வீட்ல சாம்பல் புரட்டின விதைய அலசித்தான் பொங்குவாக.”

“அது சாம்பல்டி! இது மருந்து! பூச்சி மருந்து! பிள்ளைக்குக் குடுத்தியா?”

ஆர்த்தியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. “இன்னும் இல்ல அத்தை...”

செல்லக்கனி நம்பவில்லை. பேத்தியின் வாயைத் திறந்து பார்த்தாள். விரல்களை முகர்ந்தாள். ஒன்றுமில்லை. குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“பசி தாங்காம கத்துச்சு அத்தை. நான் என்ன செய்ய?” ஆர்த்தி சுவரோடு சரிந்தாள்.

சத்தம் கேட்டு உள்ளே வந்த காசிராஜன் பையைத் தூக்கிப் பார்த்தார். “பாதி இருக்கு மதினி. ஒரு ஏக்கருக்கு வரும். போன தடவை மாதிரி மழை ஏமாத்துச்சுன்னா இதுவும் போயிரும். யோசிச்சுச் சொல்லுங்க.”

“இங்கன இருந்தா நாளைக்கு நானே அலசிருவேன். கொண்டு போங்க கொளுந்தனாரே.”

அவர் டிராக்டரில் தொங்கிய தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து குழந்தையின் முன்னால் வைத்தார். “மத்தியானச் சோறுதான். எனக்கு இன்னைக்குப் பசிக்கல.”

விதைப் பையோடு அவர் படியிறங்கினார். டிராக்டர் கரிசல் காட்டுப் பக்கம் திரும்பியது. வாசலுக்கு வந்து வானத்தையே அண்ணாந்து பார்த்து நின்ற ஆர்த்தியை, “மேகத்தப் பாத்தது போதும், பிள்ளைக்குச் சோத்த ஊட்டு” என்று உள்ளே இழுத்துக்கொண்டு, செல்லக்கனி கதவைச் சாத்தினாள்.