காற்று விழுந்த நாள்

நனைத்துப் பிழிந்த சிவப்புத் துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் மேஸ்திரி சாம்பல் தொட்டிக்குள் இறங்குவார். மதியம் அவிழ்க்கும்போது அது சிமெண்ட் பூசியதுபோல் விறைத்திருக்கும். எண்ணூர்ப் பக்கம் நிலக்கரியில் ஓடும் மின் நிலையம் ஒன்றில் நான் அப்போது ஷிப்ட் என்ஜினீயர். அவர் நெட்டுக்குப்பத்திலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி.

காற்றாலை நல்லதா, அணு உலை நல்லதா என்று இப்போது கல்லூரிகளில் பேசக் கூப்பிடுகிறார்கள். ஓய்வு பெற்றவளுக்குப் பொழுது போக வேண்டுமே, போகிறேன். காற்று மலிவு, ஆனால் சொன்ன நேரத்துக்கு வராது. அணு உலை சீராக ஓடும், ஆனால் நின்றால் மொத்தமாக நிற்கும், கழிவை எங்கே வைப்பது என்ற கவலையும் உண்டு என்பேன். இரண்டும் கைவிட்டால் மின்சாரத்தில் விழும் பள்ளத்தை நிரப்புவது நிலக்கரிதான் என்றும் சொல்வேன். நிரப்பியவரைப் பற்றிச் சொல்ல மட்டும் வாய் வராது.

ஆடியில் காற்றாலைகள் சுற்றினால் எங்கள் யூனிட்டை நிறுத்திவிடுவார்கள். மேஸ்திரிக்கு வேலை இருக்காது, இருமலும் குறைந்திருக்கும். அணு உலை நின்றால் அவசரமாகக் கூப்பிடுவோம்.

"காத்தடிச்சா மூச்சு வுட முடிது, வேல இல்ல. அணு உல நின்னா வேல கீது, மூச்சு இல்ல. எது நல்லதுன்னு நான் இன்னாத்த சொல்றதும்மா?" என்று ஒருமுறை சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த ஆடியில் இரண்டு நாள் காற்று விழுந்துவிட்டது. மூன்றாம் நாள் காலை அணு உலை ஒன்றும் நின்றுபோக, யூனிட்டை உடனே கிளப்பச் சொன்னார்கள். தொட்டியில் சாம்பல் இறுகிக் கிடந்தது, அதை இடித்து அள்ளாமல் கிளப்ப முடியாது. சாம்பல் பக்கமே போகக்கூடாதென்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான்தான் போன் செய்தேன். "நீ கூப்ட்டு வராம இருப்பனாம்மா" என்றார்.

பன்னிரண்டு மணிக்கு வேலையை முடித்து ஏறி வந்தவர் படியிலேயே உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நின்றிருந்தபோது கண்ட்ரோல் ரூமிலிருந்து போன் வந்தது. காற்று மறுபடி எழுந்துவிட்டதாம், யூனிட்டைக் கிளப்ப வேண்டாமாம். சற்று நேரத்தில் டாக்டர் வெளியே வந்து கையை விரித்தார்.

அவர் மனைவியிடம் என்ன சொல்வது? ஊருக்கே கரண்ட் கொடுத்துவிட்டுத்தான் போனார் என்று சொல்லிவிட்டேன். இன்றும் என்னைப் பார்த்தால் அந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு அக்கம்பக்கத்தாரை அழைக்கிறார். "அன்னிக்கி மெட்ராசுக்கே லைட்டு எரிஞ்சது எங்க வூட்டுக்காரராலதான். இந்தம்மாவே சொல்லிச்சு."

நான் தலையாட்டுகிறேன். அன்று எங்கள் யூனிட்டிலிருந்து ஒரு பல்பு எரியும் அளவுக்குக்கூட மின்சாரம் வெளியே போகவில்லை.