அடுப்பில் காட்டிய படம்

என் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. இன்றைக்கும் அதை நினைத்தால் என் கையை நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

எண்பதுகளின் தொடக்கம். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன சித்தி, அங்கே எசமானி வேண்டாமென்று கழித்த கேமரா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அமுக்கினால் அட்டை வெளியே வரும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் படம் தெளியும். கூடவே ஒரு பெட்டியில் பத்து அட்டை. ஹட்டன் டவுன் கடைகளில் விசாரித்தேன். அப்படியொரு அட்டையை யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை.

பத்தில் ஒன்பதை விளையாடியே தீர்த்தேன். எங்கள் மலைக் குளிரில் வைத்தால் படம் முழுக்க நீலம் பாரித்துவிடும். கக்கத்தில் இடுக்கிக்கொண்டால் நிறம் சரியாக வரும். அடுப்போரம் காட்டினால் எல்லாம் செம்மஞ்சள். தெளிவதற்குள் நகத்தால் அழுத்தினால் உள்ளே நிறம் நகரும். தேயிலை மலையை ஊதாவாக்கினேன், கோயில் கோபுரத்தைச் சிவப்பாக்கினேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், இருபத்து மூன்று வயது. புத்திக்கு மட்டும் ஐந்து வயது. "கொரங்கு கையில பூமால குடுத்தாப்புலதான்" என்றாள் அம்மா. நான் சிரித்தேன்.

பத்தாவது அட்டையை அக்காவுக்கென்று வைத்திருந்தேன். அவள் கணவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது; அவளும் கூடவே கடல் தாண்டிப் போயாக வேண்டும். எங்களுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை. ஒரே லயத்து வரிசைவீட்டில் பிறந்தவர்களுக்கு இரண்டு நாடு! போனால் திரும்ப வழியில்லை என்று எல்லாருக்கும் தெரியும். அம்மாவும் அக்காவும் சேர்ந்து எடுத்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை.

புறப்பட்ட காலை ஒரே பனி. லயத்து வாசலில் இருவரையும் நிற்கவைத்து அமுக்கினேன். படம் நீலமாகத் தெளிய ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னடி, பொணம் மாதிரி இருக்காங்க?" என்று சொல்லிவிட்டாள். பயணம் போகிற நேரத்தில் என்ன பேச்சு! எனக்குச் சுருக்கென்றது. கக்கத்தில் வைத்துப் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. உள்ளே ஓடி, தேயிலை மிலாறுக் குச்சி எரிந்துகொண்டிருந்த அடுப்பில் காட்டினேன். அம்மாவின் கன்னத்துக்குக் கொஞ்சம் நிறம் ஏற்றலாமென்று நகத்தாலும் தேய்த்தேன். அம்மாவின் முகம் நெற்றியிலிருந்து தாடைவரை அப்படியே வழுக்கி, அக்காவின் தோளில் செங்கறையாய் அப்பிக்கொண்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

வெளியே லொறி ஹார்ன் அடித்தது. படத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன்.

அம்மா லயத்தோடு நின்றுவிட்டாள். வட்டகொடை ஸ்டேஷன்வரை நான்தான் போனேன். கோச்சிப் பெட்டியில் ஏறி உட்கார்ந்ததும் அக்கா கேட்டாள்: "படம் எங்கடி?"

"அம்மா கையிலேருந்து வாங்க முடியலக்கா. அவங்களே வச்சிக்கிறாங்களாம்."

"பரவால்ல, அம்மாகிட்டயே இருக்கட்டும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவும் அதையே கேட்டாள். அக்கா கொண்டுபோய்விட்டாள் என்றேன். "நல்லதாப் போச்சு. எம்நெனப்பு வந்தா எடுத்துப் பாத்துக்குவா" என்றாள்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அக்கா போடுகிற கடிதங்களை நான்தான் வாசிப்பேன். படத்தைப் பற்றி வரி வந்தால் தாண்டிவிடுவேன். ஹட்டனுக்கு வா, ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பலாம் என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். "அவகிட்டதான் ஒண்ணு இருக்கே, இன்னொண்ணு எதுக்குடி வீண் செலவு?" என்பாள்.

அக்கா போன நான்காவது வருடம் அம்மா கண்ணை மூடிவிட்டாள். தந்தி கொடுத்தேன். பதிலாகக் கோத்தகிரியிலிருந்து அக்காவின் கடிதம் வந்தது. "இவ்வளவு நாள் அம்மாகிட்ட இருக்கட்டும்னு விட்டுட்டேன். இனிமே அந்தப் படத்த எனக்கு அனுப்பிரு. எம்மகளுக்கு அம்மாச்சி மொகத்தக் காட்டணும்."

இரண்டு நாள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மூன்றாம் நாள் பெட்டிக்கடியில் கிடந்த படத்தை எடுத்து உறையில் போட்டேன். மன்னிப்புக் கேட்டு எழுத ஆரம்பித்து நாலு தாள் கிழித்தேன். கடைசியில், "அக்கா, உன் தோளில் சிவப்பாக இருக்கிறதே, அதுதான் அம்மா" என்று மட்டும் எழுதி ஒட்டினேன்.