ஹாரன் சத்தத்துக்கு எழாதவர்

மலாயாவில் யோங் பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்குச் சமைத்தவர் அவர். ஒல்லியான உடம்பு, வெங்காய வாசனை போகாத வெள்ளைச் சட்டை. துரையின் கார் தெரிந்தால், கொட்டுகிற மழையிலும் குடையை மடக்கிவிட்டு ஓரமாக நிற்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரப்பர் ஸ்டோரில் முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தோம். வாசலில் கார் ஹாரன் கேட்டது. தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியான நான்தான் முதலில் எழுந்தேன். என்னைப் பார்த்து எல்லாரும் எழுந்தார்கள். அவர் மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. துரை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"வேலை போயிருமேண்ணே! ஏன் எந்திரிக்கல?"

"ஆண்டவர்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன், கிராணி ஐயா. பாதியில விட்டுட்டு எப்படி எந்திரிக்கிறது?"

மறுநாள் மழையில் வழக்கம்போலக் குடையை மடக்கித்தான் நின்றார்.

நான் தோட்டத்தை விட்டு வந்து வெகுகாலமாகிறது. இன்றும் முழங்காலிட்டால், என் காது வாசலில்தான் இருக்கிறது.