ஓரடி முன்னால் வாங்க

சுனாமிக்கு அடுத்த வருடம் மட்டக்களப்பில் நடந்த பெண்கள் மாநாட்டில், ஏற்றத்தாழ்வு பற்றிய கலந்துரையாடலை நான்தான் ஒழுங்கு செய்தேன்.

எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தி, "கல்வீட்டில வளர்ந்தவங்க ஓரடி முன்னால் வாங்க, ஓ.எல். சோதனை பாஸ் பண்ணினவங்க வாங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன். முடிவில் ஆரையம்பதியிலிருந்து வந்த மலரக்கா மட்டும் கோட்டிலேயே நின்றார். அவர் சமைக்கப் போகும் வீட்டுக்காரி, பள்ளிக்கூட ரீச்சர், எல்லாருக்கும் முன்னால் நின்றார்.

மலரக்காவிடம் மைக்கை நீட்டி, "இப்ப என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"சுனாமி முகாமில சோத்துக்கு எல்லாரும் ஒரே வரிசையிலதான் நிண்டம், மிஸ். ரீச்சரும் எனக்குப் பின்னால நிண்டவ. இண்டைக்கு நீங்கதான் எங்களப் பிரிச்சு நிப்பாட்டினீங்க."

ரீச்சர் தலைகுனிந்தார். நான் மன்னிப்புக் கேட்காமல், நேரமாகிறது என்று சொல்லி அடுத்த நிகழ்ச்சிக்குத் தாவினேன். தேநீருக்குப் பிறகு மலரக்காவைக் காணவில்லை.

அன்று அறிக்கையில், 'கலந்துரையாடல் மிகவும் பயனுள்ளதாக அமைந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.