வேலாயுதம் சேர் தெரிவுசெய்த அல்பம்

வேலாயுதம் சேர் இறந்துபோன செய்தி வந்தபோது நான் கொட்டகலையில் ஹட்டன் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் அவருடைய படத்தைப் போட்டு, கீழே இரண்டு வரி எழுதியிருந்தார்கள். பஸ் வருவதற்குள் அஞ்சலிகள் குவிந்துவிட்டன. கணித மேதை, கல்விப் பெருந்தகை, மலையகத்தின் விளக்கு. நான் தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற வருத்தமும் வரவில்லை.

அன்று பின்னேரமே பழைய மாணவர் சங்கத்திலிருந்து ஒருவர் அழைத்தார்.

"டீச்சர், நீங்க மட்டும் ஒண்ணுமே போடலையே? சேரோட பதினெட்டு வருசம் ஒரே ஸ்டாஃப் ரூம்ல இருந்தவங்க நீங்கதானே. நினைவு மலருக்கு நீங்க கட்டாயம் எழுதணும்ங்க."

எழுதுகிறேன், ஆனால் ஒரு வரியையும் வெட்டக் கூடாது என்றேன். சரி என்றார். அந்த வாக்கை நம்பி, மூன்று மாதம் தள்ளிப்போட்டபின் இதை எழுதுகிறேன். அவரிடம் படித்தவர்களும் அவரோடு படிப்பித்தவர்களும் இதை வாசிப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்த வேலாயுதம் சேரை நான் மறுக்கவில்லை. எனக்குத் தெரிந்த மனிதரை நான் மறைக்கவும் போவதில்லை.

முதலில் அவருக்குச் சேர வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அவரைப் போலக் கணிதம் படிப்பித்தவரை நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சதமும் வாங்காமல் வகுப்பு நடத்தினார். தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து, அந்த வரிசை வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் இன்று பொறியியலாளர்களாக இருக்கிறார்கள் என்றால் அதில் அவருடைய தொண்டைத் தண்ணீர் இருக்கிறது. "ஏறினவன் கீழ பாக்கக் கூடாது, தலை சுத்தும்" என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வார். பிள்ளைகள் அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வார்கள். அது பிள்ளைகளுக்குச் சொன்ன புத்திமதி என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

நாங்கள் இருவரும் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். நான் மேற்பிரிவு, அவர் கீழ்ப்பிரிவு. அவருடைய அம்மா உயிரோடு இருந்தவரை அந்த லயத்திலேயே இருந்தார். ஒரு சனிக்கிழமை நானும் வேறு இரண்டு ஆசிரியர்களும் போன பஸ்ஸில் அவரும் இருந்தார், கையில் பாண் ரொட்டிப் பொதியும் மருந்துப் போத்தலுமாக. தோட்டத்துச் சந்தி வந்தது. நான் எழுந்து, "சேர், இறங்கலையா?" என்றேன். "இல்ல டீச்சர், எனக்கு அங்கிட்டு டவுன்ல ஒரு வேலை" என்றார். நான் இறங்கி அம்மன் கோயிலடியில் ஒருவரோடு பேசிக்கொண்டு நின்றேன். அரை மணி நேரம் கழித்து, அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, அதே பாண் பொதியோடு மழையில் நனைந்தபடி திரும்பி நடந்து வந்தார். என்னைக் கண்டதும் குடையே இல்லாத கையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். அன்று எனக்கு அவர்மேல் பரிதாபம்தான் வந்தது. அந்தப் பரிதாபம்தான் பின்னால் என்னை ஏமாற்றியது.

என் அப்பா தோட்டத்துக்குத் தபால் பை சுமந்தவர். ஒவ்வொரு நாளும் கொட்டகலைத் தபாலகத்திலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு மலையேறுவார். எங்கள் சனங்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிய காலம் அது. அக்கா இங்கே, தங்கை அங்கே என்று குடும்பங்கள் கிழிந்துபோயின. அங்கிருந்து வரும் கடிதங்களை வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அப்பாதான் வாசித்துக் காட்டுவார். வாசித்து முடிந்ததும், "முத்திரை அழகா இருக்கு, காயிதத்த நாங்க வச்சுக்கிறோம், கவர நீங்களே வச்சுக்கங்கண்ணே" என்று உறையை அவரிடமே கொடுத்துவிடுவார்கள். அவர் அந்த முத்திரைகளைக் கழற்றவே மாட்டார். உறையின் பின்பக்கத்தில் பென்சிலால், இன்ன லயம், இன்னாருக்கு இன்னாரிடமிருந்து வந்தது என்று எழுதி அடுக்கி வைப்பார். அனுப்பியவரின் விலாசம் உறையிலேயே இருக்கும். கோத்தகிரி, கூடலூர், மண்டபம், இராமேஸ்வரம். அப்பா இறந்தபின் அந்த உறைகள் என்னிடம் வந்தன. எங்கள் தோட்டத்திலிருந்து பிரிந்துபோனவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதற்கு அவற்றைவிட வேறு அத்தாட்சி எங்களிடம் இல்லை.

ஒன்பது வருடங்களுக்கு முன் நுவரெலியாவில் முத்திரைக் கண்காட்சி ஒன்று நடந்தது. எங்கள் பாடசாலையின் முத்திரைக் கழகத்துக்கு வேலாயுதம் சேர்தான் பொறுப்பு. அப்பாவின் சேகரிப்பைக் கண்காட்சிக்குத் தருமாறு கேட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அல்பம் வாங்க இருவரும் ஹட்டனுக்குப் போனோம்.

கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்றில் உறை முழுதாக நுழையும் அளவுக்குக் கண்ணாடிப் பைகள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கலாம். மற்றது தடித்த மட்டை போட்டது. கறுப்புப் பக்கங்களில் வரிசை வரிசையாகப் பட்டிகள், அவற்றில் முத்திரையை மட்டும்தான் செருகலாம். நான் முதலாவதை எடுத்தேன்.

"இது என்ன டீச்சர், கல்யாண போட்டோ வைக்கிற மாதிரி?" என்றார்.

"உறையோட வைக்கணும் சேர். அப்பா பின்னுக்கு எழுதியிருக்காரு. அது தெரியணும்."

"அத யாரு பாக்கப் போறா? கொழும்பிலிருந்து நடுவர் வர்றாங்க. அஞ்சாம் நம்பர் லயம், முனியம்மா, ராக்கம்மான்னு பென்சில்ல கிறுக்கினத அவங்களுக்குக் காட்டப் போறீங்களா?"

"அதுல என்ன சேர் வெக்கம்?"

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினார். வேலாயுதம் சேர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம பிள்ளைங்க நல்லா உடுத்திக்கிட்டுப் போய் மேடையில நிக்கப் போறாங்க. அங்கேயும் இந்த லயத்து நாத்தம் வரணுமா?"

கடைசியில் கறுப்பு அல்பத்தைத்தான் வாங்கினோம். கழகத்தின் பொறுப்பாளர் அவர், முடிவு அவருடையது. உறைகளை எதுவும் செய்யக் கூடாது, தாமாகவே கழன்று விழுந்த சில முத்திரைகள் இருக்கின்றன, அவற்றை மட்டும் அல்பத்தில் வைத்தால் போதும் என்று இரண்டு தடவை சொன்னேன். "பாத்துக்கிறேன் டீச்சர்" என்றார். வெள்ளிக்கிழமை அவரிடம் கொடுத்தேன். அவரிடம் எதற்காக எல்லாவற்றையும் கொடுத்தேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மழையில் முகத்தை மறைத்த மனிதர் என் மனதில் இருந்தார். அவரை நம்பவில்லை என்று காட்ட எனக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூம் மேசையில் அல்பத்தைத் திறந்து வைத்தார். உண்மையில் அழகாக இருந்தது. வருட வரிசை, விலை வரிசை, நிற வரிசை. ஒரு முத்திரையின் பல்லும் முறியவில்லை. மற்ற ஆசிரியர்கள் கைதட்டினார்கள்.

"உறைகள் எங்க சேர்?" என்றேன்.

"வெதுவெதுப்பான தண்ணியில ஊற வச்சாத்தான் டீச்சர் சேதமில்லாமக் கழரும். ரெண்டு நாளா அதே வேலைதான்."

"உறைகள் எங்க?"

"ஊறின காகிதம் டீச்சர். காயவச்சு வெந்நீர் அடுப்புல போட்டாச்சு."

கணக்குக்கு விடை சொல்வதைப் போல அதைச் சொன்னார். நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள். "அவங்க அப்பாவோடது இல்லையா, அதான் உணர்ச்சிவசப்படுறாங்க" என்று அவர் மற்றவர்களுக்கு விளக்கம் சொன்னது காதில் விழுந்தது.

கண்காட்சியில் நடுவராக வந்த சிங்களப் பெரியவர் அல்பத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இவை எல்லாம் கடிதங்களில் வந்தவைதானே, உறைகள் இல்லையா, உறையோடு இருந்திருந்தால் இதன் மதிப்பே வேறு என்று சிங்களத்தில் கேட்டார். எங்களுக்கு முத்திரைகள் மட்டும்தான் கிடைத்தன என்று வேலாயுதம் சேர் சுத்தமான சிங்களத்தில் பதில் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பிள்ளைகள் நால்வர் வெள்ளை உடையோடு எங்கள் முன்னால் நின்றார்கள். இரண்டாம் பரிசு கிடைத்தது.

அந்த வருடம் ஐப்பசியில் மாரியாயி பெரியம்மா என் வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கத்து லயத்தில் கொழுந்து பறித்தவர். அவருடைய தங்கை செல்லம்மா கூடலூர்ப் பக்கம் போனவர். பிறகு தொடர்பு அறுந்துபோயிற்று. மாரியாயி பெரியம்மாவின் மருமகன் கோயில் யாத்திரைக்கு இந்தியா போவதற்குக் கடவுச்சீட்டு எடுத்திருந்தார்.

"உங்கப்பா கவர எல்லாம் பத்திரமா வச்சிருந்தாருல்ல பூமணி, அதுல எங்க செல்லம்மா அட்ரஸ் இருக்கும் பாரு. மருமவன் நேர்ல போய்ப் பாத்துட்டு வாறேங்குறாரு."

இல்லை பெரியம்மா என்றேன். தொலைஞ்சுபோச்சா என்று கேட்டார். எரிச்சுட்டாங்க என்றேன். யார் எரித்தது என்று அவர் கேட்கவில்லை. "காயிதந்தானே, போனாப் போவுது" என்று என்னையே தேற்றிவிட்டு, ஊன்றுகோலோடு இறங்கிப் போனார். மருமகன் கூடலூரில் இரண்டு நாள் விசாரித்துவிட்டு ஆளைக் காணாமல் திரும்பினார்.

அவர் திரும்பி வந்த மறுநாள் வேலாயுதம் சேரிடம் போனேன். மாரியாயி பெரியம்மாவின் வீட்டுக்கு வந்து நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றேன். அவர் கொப்பி திருத்துவதை நிறுத்தவில்லை. "அந்த அட்ரஸ் கிடைச்சு அவங்க என்ன செய்யப் போறாங்க டீச்சர்? அழப் போறாங்க. அவ்வளவுதானே?" என்றார்.

அதற்குப் பிறகு நான் ஓய்வுபெறும் வரை நேர அட்டவணையைத் தவிர வேறெதையும் அவரோடு பேசவில்லை. என் பிரியாவிடை விழாவில் அவர் என்னைப் புகழ்ந்து பேசினார். நான் கைதட்டவில்லை. மாரியாயி பெரியம்மா நான்கு வருடங்களுக்கு முன் இறந்தார். அவருடைய சாவுக்கு வேலாயுதம் சேர் வரவில்லை. வேலாயுதம் சேருடைய சாவுக்கு நான் போனேன். போகாமலிருக்க எனக்கு ஆசைதான். ஆனால் எங்கள் பக்கத்தில் சாவுக்குப் போகாமல் இருப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அது அவரிடம் இருந்தது, என்னிடம் இல்லை.

இந்த அளவில் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கருமாதி முடிந்த மறுநாள் அவருடைய மனைவி சரோஜா அக்கா என்னை வரச்சொன்னார். அவருடைய புத்தகங்களைப் பாடசாலைக்குக் கொடுப்பதற்காகப் பிரித்துக்கொண்டிருந்தாராம். பழைய மடக்கை அட்டவணைப் புத்தகம் ஒன்றை என்னிடம் நீட்டினார். அதற்குள் ஒரு கடித உறை இருந்தது.

"இவருக்குக் கூடப்பொறந்த அக்கா ஒருத்தங்க இருந்தாங்கன்னு எனக்கே தெரியாதுங்க டீச்சர். இது யாரு எழுதினது? பின்னுக்கு என்னமோ எழுதியிருக்கு."

பின்பக்கத்தில் இருந்தது என் அப்பாவின் கையெழுத்து. கீழ்ப்பிரிவு, இரண்டாம் லயம், அங்கம்மாளுக்கு மகள் காமாட்சியிடமிருந்து. அங்கம்மாள் வேலாயுதம் சேரின் அம்மா. முன்பக்கத்தில் கோத்தகிரி விலாசம் தெளிவாக இருந்தது. அதன் முத்திரையைக்கூட அவர் கழற்றவில்லை.

ஆக, அந்த இரண்டு நாளும் ஒவ்வொரு உறையாகத் திருப்பி வாசித்திருக்கிறார். தன்னுடையதைத் தேடி எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டு, மற்றவர்களுடையதை அடுப்பில் போட்டிருக்கிறார். அவருக்கு அவற்றின் அருமை தெரியாமல் போய்விட்டது என்று ஒன்பது வருடங்களாக நினைத்திருந்தேன். அந்த ஒரு சலுகையையும் அன்று சரோஜா அக்காவின் முற்றத்தில் வைத்து நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

சரோஜா அக்காவிடம் அனுமதி கேட்டு, அந்த விலாசத்துக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். உங்கள் தம்பி காலமாகிவிட்டார் என்ற செய்தியும் என் தொலைபேசி இலக்கமும் மட்டும்தான். பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஐந்து கிழமை கழித்து ஒரு காலையில் தொலைபேசி அடித்தது.

"நான் காமாச்சி பேசுறேன் தாயி, கோத்தகிரியிலேருந்து. பேரன் உங்க லெட்டரப் படிச்சுக் காட்டுனான்." குரல் நடுங்கியது. "நானும் எத்தனையோ காயிதம் போட்டேன். ஆத்தா இருந்த வரைக்கும் பதில் வந்துச்சு. அதுக்குப் பொறவு தம்பி பேருக்குப் போட்டேன், ஒண்ணுக்கும் பதிலில்ல. அவன் படிச்சுப் பெரியாளாயிட்டான்னு சொன்னாங்க. என்னயப் பத்தி எப்பவாச்சும் பேசுவானா தாயி?"

பதினெட்டு வருடங்களில் அவர் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. கட்டிய மனைவியிடமே சொல்லியதில்லை. ஆமாம் என்று சொல்வதற்கு எனக்கு நாக்கு வரவில்லை. இல்லை என்று சொல்வதற்கும் வரவில்லை.

"உங்க கவர் ஒண்ணப் பத்திரமா வச்சிருந்தாருங்கம்மா" என்றேன். "கடைசி வரைக்கும் வச்சிருந்தாரு."

அந்தப் பக்கத்தில் அவர் வாய்விட்டு அழுதார். "அது போதும் தாயி, அது போதும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

வேலாயுதம் சேரைப் பற்றி என்னால் சொல்லக்கூடிய ஒரே நல்ல வார்த்தை அதுதான். அவர்மேல் எனக்கிருக்கும் குற்றச்சாட்டும் அதே வார்த்தைதான். இரண்டும் என்னிடம் இருக்கும். அடுப்பைப் பற்றி நான் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.