மஞ்சள் ஸ்ரிக்கர் ஒட்டிய பிறிட்ஜ்

தொண்ணூறுகளின் நடுவில் நான் பார்த்த வேலையை கனடாவில் எங்கள் ஸ்காபரோத் தமிழ்ச் சனத்துக்கு விளங்கப்படுத்துவது பெரும்பாடு. கல்யாண வீட்டில் யாராவது அன்ரி கேட்டால், "கம்பஸுகள் ஒட்டாவாவிட்டைப் பேச்சு வாங்காமல் காப்பாத்துறன்" என்று சொல்லிவிடுவேன். உண்மையும் அதுதான். ஆய்வுகூடத்தில் கதிரியக்கப் பொருள் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் மத்திய அரசிடம் அனுமதி எடுக்க வேண்டும். அதற்கு விதிகள் ஒரு கட்டு. ஒட்டாவா அதிகாரி வருவதற்கு முன்னால் நான் போய் எங்கெங்கே பிழை என்று பார்த்துத் திருத்திக்கொடுக்க வேண்டும். பிழை பிடிப்பது எனக்குக் கைவந்த கலை. சந்தேகமிருந்தால் என் மனுசனைக் கேட்கலாம்.

அது ஒரு மாசி மாதக் காலை. நகரத்தின் நடுவில் இருந்த ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடம். முந்தைய தடவை அதிகாரி வந்தபோது அங்கே மேசையில் யாரோ குடித்து வைத்த கோப்பிக் கப் இருந்தது. எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் போனார். இனி ஒரு தடவை அந்த அறைக்குள் உணவோ பானமோ கண்டால் அனுமதி பறிபோகும். பேராசிரியர் எல்லோரையும் கூட்டி, அப்படி நடந்தால் செய்தவர் அன்றே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார். அன்று மத்தியானத்துக்குப் பிறகு அதே அதிகாரி வருவதாக இருந்தது.

அங்கே ரெக்னீஷியனாக இருந்தவள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஒப்பந்த வேலை; பங்குனியோடு முடிகிறது. கணவர் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தார். அவரைக் கனடாவுக்கு எடுக்க ஸ்பொன்சர் பண்ணியிருந்தாள். இவளுக்கு வேலை இல்லையென்றால் ஸ்பொன்சரும் இல்லை. இதையெல்லாம் அறிமுகமான முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தாள். தமிழ் கேட்டால் எங்களுக்கு மனம் திறக்க அதிக நேரம் எடுக்காது.

அவளுடைய வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. நான் ஆறுதலாக, கடைசியாகத்தான் கதிரியக்கப் பொருட்களைக் குளிரில் வைக்கும் பிறிட்ஜைத் திறந்தேன். கதவில் கதிரியக்கம் என்று எச்சரிக்கும் மஞ்சள் ஸ்ரிக்கர், அதன் கீழே உணவு வைக்கக்கூடாது என்ற எழுத்து. உள்ளே கதிரியக்கத் திரவங்கள் அடங்கிய சிறு குப்பிகள். அவற்றுக்குப் பின்னால், பாணில் பூசும் மாஜரின் வந்த ஒரு டப்பா.

வெள்ளைக்காரன் மாஜரின் தீர்ந்ததும் டப்பாவை எறிவான். எங்கள் வீடுகளில் அதற்குப் பிறகுதான் டப்பாவின் சேவைக்காலம் தொடங்கும். கையுறையோடு மூடியைக் கொஞ்சம் நீக்கினேன். புட்டும் கருவாட்டுக் குழம்பும்.

"இது ஆற்றை?" என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

"என்ரைதான் அக்கா. எடுக்க மறந்துபோனன்."

"உமக்கென்ன விசரே? உந்த ஸ்ரிக்கரை நீர்தானே ஒட்டினீர்?"

"லஞ்ச் றூம் பிறிட்ஜிலை வைக்கேலாது அக்கா. ஒருநாள் மைக்ரோவேவிலை சூடாக்கினனான். எல்லாரும் எழும்பிப் போட்டினம். அடுத்த நாள் பிறிட்ஜ் கதவிலை நோட்டீஸ் ஒட்டியிருந்தது, மணக்கிற சாப்பாடு வைக்க வேண்டாம் எண்டு. மேசைக்குக் கீழை வைச்சன். அங்கையும் மணக்குதாம்."

"பிறகு?"

"இதை ஒருத்தரும் திறக்கமாட்டினம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். சோற்றையே கொண்டுபோய்க் கதிரியக்கத்துக்குள் மறைத்தவள் இவள் ஒருத்திதான். சில கிழமைகளாக இப்படித்தானாம். பின் படிக்கட்டில் இருந்து, குளிரக் குளிரச் சாப்பிட்டிருக்கிறாள்.

எனக்கு வேறு பயம் வந்தது. குப்பிகளில் இருந்தது கதிர்வீச்சு அளக்கும் கைக்கருவிக்கு அகப்படாத வகை. ஈரக் கடதாசிகளால் டப்பாவையும் மூடியையும் தனித்தனியே துடைத்து, அந்தக் கடதாசிகளைக் கதிர்வீச்சை எண்ணும் இயந்திரத்துக்குள் வைத்தேன். இரண்டு பேரும் அதன் முன்னால் நின்றோம். அது தன்பாட்டில் முனகிக்கொண்டிருந்தது. அவள் கையைப் பிசைந்தாள். நான் நேரத்தைப் பார்ப்பதும் கதவைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

இலக்கம் வந்தது. அதிகம் இல்லை. ஆனால் மூடியில் கதிரியக்கம் இருந்தது.

"எறிஞ்சிட்டு வாறன் அக்கா. நீங்கள் காணேல்லை எண்டு இருங்கோ."

"டப்பாவை எறியலாம். வயித்துக்குள்ளை போயிருந்தால் அதை எங்கை எறியிறது?"

உள்ளே போயிருக்கிறதா என்று அறியச் சிறுநீர்ச் சோதனை செய்ய வேண்டும். அதைப் பேராசிரியரின் கையெழுத்து இல்லாமல் செய்ய முடியாது. முடிவின் பிரதி ஒட்டாவாவுக்கும் போகும். களவாகச் செய்ய வழியே இல்லை. சொன்னேன்.

"உங்களுக்கு வேலை நிரந்தரம் அக்கா. நீங்கள் சொல்லுவியள்," என்றாள். பிறகு மெதுவாக, "அவர் கொழும்பிலை, பொலிஸ் பதிவு கேட்டுப் பிடிப்பினமெண்டு பயந்து வெளியிலை இறங்கிறதில்லை" என்றாள்.

அந்த முதல் வசனம் எனக்குச் சுட்டது. கோபத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் நடைவழியில் பேச்சுக்குரல் கேட்டது. அதிகாரி நேரத்தோடு வந்துவிட்டார்.

தலை நரைத்த மனிதர். சிரிப்பைக் கடன் வாங்கித்தான் சிரிப்பார் போலிருந்தது. பேராசிரியர் அவரை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது டப்பா என் கையில் இருந்தது. அதை ஒளிக்க எனக்குப் போதிய நேரம் இருந்தது. ஒளிக்கவில்லை. கண்டதை, எண்ணியதை, இவளுக்குச் சோதனை வேண்டும் என்பதை ஒரே மூச்சில் சொன்னேன்.

பேராசிரியர் அவள் பக்கம் திரும்பினார். "நான் சொல்லியிருந்தேன். உன் பொருட்களை எடுத்துக்கொள்," என்றார். அவள் கோட்டை எடுக்கப் போனாள். பேராசிரியர் மேல் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அறிக்கையில் காரணம் என்ன என்று ஒரு பகுதி இருக்கிறது. அது இந்த அறையில் இல்லை. வாருங்கள்," என்று அதிகாரியிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் வந்தார். லஞ்ச் றூம் பிறிட்ஜின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்த நோட்டீஸை அவர் கண்ணாடியை ஏற்றி ஆறுதலாக வாசித்தார்.

"அந்தப் பெண் தன் உணவை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள்?" என்று பேராசிரியரைக் கேட்டார்.

ஆய்வுகூடத்துக்கு வெளியே உணவுக்கு இடம் கொடுக்க வேண்டியது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு என்பதும் விதிதான். அதிகாரி எழுதிக்கொண்டார். அனுமதி பறிபோகாமல் தப்பியது. பிழை ஆளில் இல்லை, ஒழுங்கில் என்று பதிவானபடியால் ஆளை அனுப்பவும் முடியவில்லை. பேராசிரியர் வேண்டாவெறுப்பாக அவளை நிற்கச் சொன்னார்.

சோதனை முடிவு வரும்வரை எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. வந்தது. உடம்பில் ஒன்றுமில்லை. போனில் சொன்னபோது மறுமுனையில் அவள் அழுதாள். பங்குனியில் ஒப்பந்தத்தையும் நீட்டினார்கள். அந்த டப்பா மட்டும் கதிரியக்கக் கழிவு என்ற பெயரோடு மஞ்சள் பைக்குள் போயிற்று.

கோடையில் மறுபடி போனேன். இரண்டு நாள் வேலை. லஞ்ச் றூம் மூலையில் புத்தம்புதிதாக ஒரு சின்ன வெள்ளைப் பிறிட்ஜ். திருத்த நடவடிக்கை முடிந்தது என்று அதைக் காட்டி ஒட்டாவாவுக்கு எழுதியிருந்தார்கள். பெயர் ஒட்டவில்லை, ஆனால் அது அவளுக்கென்று எல்லோருக்கும் தெரியும். திறந்து பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே மணத்தை உறிஞ்சுவதற்கு ஒரு பேக்கிங் சோடாப் பெட்டி இருந்தது. வேறொன்றும் இல்லை.

"மத்தியானம் என்ன சாப்பாடு?" என்று அவளைக் கேட்டேன்.

"பாண் அக்கா. சீஸ் வைச்சு."

"உமக்குச் சீஸ் விருப்பமே?"

"இல்லை."

அடுத்த நாள் விடிய எழும்பிப் புட்டு அவித்தேன். கருவாட்டுக் குழம்புக்கு வேண்டுமென்றே மணக்கிற உள்ளியை அளவுக்கு அதிகமாகப் போட்டேன். இரண்டு மாஜரின் டப்பாவில் கட்டிக் கொண்டுபோய் அந்தப் பிறிட்ஜுக்குள் வைத்தேன். மத்தியானம் அவளைக் கூப்பிட்டு, மைக்ரோவேவில் நன்றாகச் சூடாக்கினேன். மணம் எழும்பியது. அவள் உடனே எழுந்துபோய் லஞ்ச் றூம் கதவைச் சாத்தினாள்.

நான் எழும்பிப் போய் அதைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.